ஐந்தாவது குமிழ்

ஒரு முரசு இவ்வளவு நேரந்தான் ஒலிக்கலாம் என்று
யப்பானில் எவனோ ஒருவன்
நாற்பது வருசத்துக்கு முன் முடிவெடுத்திருக்கிறான்.
அந்த முடிவு ஒரு நெல்மணி அளவு:
மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள், பிறகொரு பொன் கோடு.
குறட்டால் பிடித்து
ஈயம் உருகும்வரை பொறுத்து
இன்று காலை அதைக் கழற்றினேன்.

பெட்டி றெஜிந்தனுடையது.
கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிற பொடியன்.
மூடியைத் திறந்தால் கரப்பான் முட்டைக்கூடு மூன்று,
செல்லாத ஐம்பது சதம் ஒன்று.
"நாலு குமிழ் போட்டுத் தாங்கோ அக்கா,
அடிமுரசு நீள, நடுமுரசு ஏறி இறங்க,
சலசலப்புக் கூட்டிக் குறைக்க,
தாளத்தட்டு மினுங்க."

தகரத்தில் முதல் துளை போடும்போது மட்டும்
கை நடுங்கும்.
இரண்டாவதில் அது பழஞ்சாமான் இல்லை,
என்னுடைய வேலை.
செத்த றேடியோக்களில் பிடுங்கிய குமிழ்கள்:
மூன்று ஒரே குடும்பம்,
நாலாவது வேறு வீட்டுப் பிள்ளை.

உள்ளே ஒரு ரான்சிஸ்ரரை
வேண்டுமென்றே தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்.
பாவம், அது தாங்காமல் கசியும்.
அந்தக் கசிவைத்தான் முரசின் நரம்புச் சலசலப்பென்று
இத்தனை வருசமும் விற்றிருக்கிறார்கள்.
அதைக் கண்டபோது
கடையில் தனியே இருந்து சிரித்தேன்.

ஆனால் மூன்று நாளாய் ஒரு கிரிச்சல்.
யாரும் தட்டாமலே தட்டும்,
நிற்கும்,
நாலைந்தாய்ச் சேர்ந்து ஓடும்.
மண்வயரை மாற்றினேன். கப்பாசிற்றர்களை மாற்றினேன்.
தேயிலைப் பக்கெற்றின் ஈயத்தாளால்
பச்சைப்பிள்ளை மாதிரிச் சுற்றினேன்.
யப்பான்காரனைத் திட்டினேன்.

நாலாம் நாள் அடிமுரசைச் சோதித்தேன்.
குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப
அது நீண்டது, மேசை அதிர்ந்தது,
ஸ்ரான்லி வீதியின் வெயிலுக்குள்
ஆழத்தில் எங்கோ விழுந்ததுபோல் இறங்கிக்கொண்டே போனது.
எதிர்க்கடையில்
புஸ்பகாந்தி அக்காவின் தையல் மெசின் நின்றது.

அவ எட்டிப் பார்க்கவில்லை.
துணிக்கு மேல் இரண்டு கையும் அப்படியே.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
என் பெட்டிக்குள்
கிரிச்சலும் நின்றிருந்தது.

தை மாதம், பள்ளிக்கூடச் சட்டைக் காலம்.
அவவின் மோட்டர் மெசினும் என் மேசையும்
ஒரே கறண்ட் கம்பியில்.
அவ மிதித்தபோதெல்லாம்
காலர், கைமடிப்பு, பொக்கற் என்று
என் முரசு துடித்திருக்கிறது.
நான் அதைப் பழுது என்று எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு வேலை மிச்சம் இருந்தது.
அடிமுரசின் குமிழுக்குத் தொடராக
ஒரு சிறு தடையை வைத்து ஈயம் விட்டேன்,
இரண்டு விநாடிக்குமேல் போகாதபடி.
யப்பானில் அந்த ஒருவனுக்கும்
எதிரே ஒரு கடை இருந்திருக்கலாம்.

அதன்பிறகு ஐந்தாவது துளை.

றெஜிந்தன் வந்து அடிமுரசை முழுதாய்த் திருப்பினான்.
"இன்னும் நீளும் எண்டு சொன்னினம், அக்கா?"
"இவ்வளவுதான் போகும்" என்றேன், முகம் மாறாமல்.
பெயர் எழுதாத குமிழில் விரலை வைத்தான்.
"இது?"
"திருப்பிப் பார்."

பின்னணித் தாளம் நடக்க
அதன் காலுக்குள் புகுந்து ஓடியது
ஒரு நீளமான ஓரத் தையல்,
மூலையில் திரும்பி,
தயங்கி,
மறுபடி ஓடி.
நூல் அறுந்த இடத்தில் மௌனம்.
பொடியன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வீதியைப் பார்க்கத் தெரியவில்லை.

"மண்டபத்தில என்ன கேக்கும் அக்கா?"
"தெரியாது. குளிர்பெட்டி கேக்கலாம். பந்தலில சோடினை லைற் கேக்கலாம்."
நாலு குமிழுக்குத்தான் பில் எழுதினேன்.
அவன் காசை எண்ணும்போது
பெட்டி இன்னும் செருகியபடியே இருந்தது;
எதிரே அவ
பொத்தான் துளை போடத் தொடங்கியிருந்தா.